கிட்டாருக்கும் சோமாலியாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டைக்காலணா:

எல்லோருக்கும் வணக்கம். கிலோக் கணக்கில் விற்கும் கலப்பு நாணயப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். (பத்து வருஷமாக இதே பைத்தியம். திருந்துவதாக இல்லை.) வழக்கம்போல் பழைய பிராங்குகள், தேய்ந்துபோன பென்னிகள். நடுவே சின்னதாக ஒரு கிட்டார். யாரோ சாவிக்கொத்திலிருந்து கழன்று விழுந்ததைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

மறுநாள் திருப்பிப் பார்த்தால் பின்னால் இரண்டு சிறுத்தைகள் ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சோமாலியா, 2004, ஒரு டாலர். அப்படியென்றால் இது காசு!

முன்பக்கம் வண்ணம் பூசிய கிட்டார், தந்தி முறுக்கும் சாவிகள் உட்பட எல்லாம் இருக்கிறது. விளிம்பில் பற்கள் கிடையாது. கழுத்து நீட்டிக்கொண்டிருப்பதால் கட்டைவிரலில் வைத்துச் சுண்டினால் பக்கவாட்டில் போய் விழுகிறது. பூவா தலையா போட முடியாத காசை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன்.

என் சந்தேகங்கள்: சோமாலியாவின் பணம் ஷில்லிங் அல்லவா, இந்த டாலர் எங்கிருந்து வந்தது? 1991-ல் மத்திய அரசு கவிழ்ந்த நாட்டில் 2004-ல் உட்கார்ந்து யார் கிட்டார் அடித்தார்கள்? எல்லாவற்றுக்கும் மேல், ஏன் கிட்டார்?

செல்லாக்காசு:

வாங்க அண்ணே, அந்த உலகத்துக்கு நல்வரவு. உங்கள் கிட்டார் தனியாள் இல்லை. ஆறு பேர் கொண்ட குழு, ஆறும் ஆறு வடிவம். பிறகு அதே நாட்டின் பெயரில் கார், மோட்டார் சைக்கிள் வடிவத்திலும் வந்தன.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் நான் கொஞ்சம் தேறியவன் என்பதால் என் பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன். பசிபிக்கில் உள்ள நியுவே தீவின் பெயரில் 2001-ல் வந்த போக்கிமான் காசு. 2011-ல் அதே நியுவே வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் வெள்ளிக் காசு: ஒரு பக்கம் அந்தப் படத்தின் வில்லன் டார்த் வேடர், திருப்பினால் எலிசபெத் ராணி. அந்த அம்மா எதற்கும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கிறார். அப்புறம் இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவின் பெயரில் ஸ்பைடர்மேனும் ஹோமர் சிம்ப்சனும்.

நண்பர் ஒருவரிடம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டின் 2010-ஆம் ஆண்டு 100 பிராங்க் காசு இருக்கிறது. அதில் கஞ்சா இலை. தேய்த்தால் வாசனை வேறு வருமாம். என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னார், மரியாதையாக மறுத்துவிட்டேன்.

கம்பட்டம்:

காலணா, உங்கள் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்தக் காசைச் சோமாலியா அடிக்கவில்லை, சோமாலியாவின் பெயரை வாடகைக்கு எடுத்து வேறு யாரோ அடித்தார்கள். அதில் உள்ள டாலர் எந்த நாட்டு டாலர் என்று காசே சொல்வதில்லை, கவனியுங்கள். சோமாலிய இடைக்கால அரசே அந்த வருஷக் கடைசியில்தான், அதுவும் நைரோபியில் கூடி உருவானது.

பொதுவாக இந்த வியாபாரம் நடக்கும் விதம் இது. விற்பனை நிறுவனம் ஒன்று எது விற்கும் என்று முடிவு செய்யும்: பூனை, டைனோசர், சினிமா. படத்துக்கு உரிமை வேண்டுமென்றால் உரிமைக்காரருக்குப் பணம் கட்டும். அடித்துக் கொடுக்க ஒரு நாணயச்சாலை. கடைசியில்தான் நாடு தேடுவார்கள். அனுமதி கொடுக்கும் நாட்டுக்கு உரிமைத்தொகை போய்ச் சேரும், காசு பெரும்பாலும் அந்த நாட்டு மண்ணை மிதிக்காமலேயே வாங்குபவரின் வீட்டுக்குப் போய்விடும்.

நியுவேயை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தோடு தொடர்புடைய தன்னாட்சித் தீவு, மக்கள்தொகை 1,700 அளவில். கடையில் புழங்குவது நியூசிலாந்து டாலர். அங்கே உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு டார்த் வேடர் கொடுத்தாலும் ஒரு சின்னப் பெட்டி காலியாகாது. அந்த ஸ்டார் வார்ஸ் காசுகளை வெளிக்கொண்டுவந்தது நியூசிலாந்து மின்ட். பெயரைப் பார்த்து அரசு நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆக்லாந்தில் உள்ள தனியார் நிறுவனம். ஆக, பெயரில் வாடகை ஒரு பக்கம் மட்டும் இல்லை!

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. லைபீரியக் கொடியோடு ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை லைபீரியர்களுடையவை அல்ல, அந்தப் பதிவேட்டை நடத்தும் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது. துவாலு தன் இணைய முகவரியின் வாலில் உள்ள டிவி என்ற இரண்டு எழுத்தைத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறது. சிறிய நாட்டிடம் விற்க மீனும் தேங்காயும் போக மிச்சம் இருப்பது 'நாடு' என்ற தகுதி. அதை விற்கிறார்கள். காசின் தலைப்பக்கத்தை நான் வாடகைப் பத்திரமாகத்தான் படிக்கிறேன்.

செல்லாக்காசு:

ஐயா, இது எப்போது ஆரம்பித்தது? 2000-க்குப் பிறகு வந்த வியாதி என்றுதான் நினைத்திருந்தேன்.

கம்பட்டம்:

இல்லை, பழைய வியாதி. 1964-ல் ஷார்ஜாவின் பெயரில் ஒரு வெள்ளிக் காசு வந்தது. தலை யாருடையது தெரியுமா? அதற்கு முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் எஃப். கென்னடியுடையது. முகமதிப்பு ஐந்து ரூபாய். ஆமாம், ரூபாய். அப்போது வளைகுடாவில் இந்திய ரிசர்வ் வங்கி 1959-லிருந்து தனியாக அச்சிட்ட வளைகுடா ரூபாய்தான் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்க அதிபர் தலை, அரபு ஷேக்கின் நாடு, இந்தியப் பணத்தின் பெயர். இதைவிட நல்ல அவியலை நான் பார்த்ததில்லை.

1970-ல் எக்குவடோரியல் கினி விடுதலை பெற்று இரண்டே வருஷம், கோயாவின் நிர்வாண மாஹா ஓவியத்தைப் போட்டு 100 பெசெட்டா வெளியிட்டது. 1971-ல் ஹெய்ட்டி, சிட்டிங் புல், ஜெரோனிமோ என்று வட அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களை வரிசையாக வெள்ளியில் அடித்தது. 1988-ல் மார்ஷல் தீவுகள் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தை ஐந்து டாலர் காசில் ஏற்றியது. அது வெள்ளி கூட இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது.

தபால்தலைக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். அதே வளைகுடா ஷேக் நாடுகள் அறுபதுகளில் தபால்தலைகளைக் கொட்டிய கொட்டில்...

நெறியாளர்:

கம்பட்டம் ஐயா, தபால்தலைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போன முறை இப்படித்தான் பூட்டானின் கிராமபோன் தபால்தலையில் ஆரம்பித்து நாலு பக்கம் போனது. மன்னிக்கவும்.

கம்பட்டம்:

சரி சரி. வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அது நல்ல நாலு பக்கம்.

தராசு:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. நாட்டின் பெயர் எதற்கு? டார்த் வேடரை வெறும் வெள்ளி வில்லையாக அடித்து விற்றால் என்ன குறை?

முதல் காரணம் மயக்கம். 'பதக்கம்' என்றால் வாங்குபவர் யோசிப்பார், 'சட்டப்படி செல்லும் காசு' என்றால் கை தானாக நீளும். நாணயப் பட்டியல்களிலும் பதக்கத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது காரணம் வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தங்கக் காசு முதலீட்டுத் தங்கம் என்று கருதப்பட்டு மதிப்புக்கூட்டு வரியிலிருந்து தப்ப வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு: 1800-க்குப் பிறகு அடித்திருக்க வேண்டும், ஆயிரத்தில் 900 பங்காவது தங்கம் இருக்க வேண்டும், விலை தங்கத்தின் மதிப்பைவிட 80 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது, பிறந்த நாட்டில் சட்டப்படி செல்லும் காசாக இருக்க வேண்டும் அல்லது இருந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்குத்தான் நாடு தேவை.

வெள்ளியில் இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் 2013 முடியும்வரை வெள்ளிக் காசுக்கு 7 சதவீதம் வரி, வெள்ளிக் கட்டிக்கு 19. உடனே என்ன செய்தார்கள்? செங்கல் மாதிரி இருக்கும் வெள்ளிக் கட்டியில் ராணி தலையைப் பதித்து, குக் தீவுகள் என்று எழுதி, டாலர் மதிப்பையும் போட்டுவிட்டார்கள். கட்டி காசாகிவிட்டது! ஒரு கிலோ எடையுள்ள அந்தக் 'காசை' ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கூர்மையான நாலு மூலை, சட்டைப் பையில் போட்டால் பை கிழியும். இதைக் கொடுத்து யார் எதற்குச் சில்லறை கேட்பார்கள்?

ஓட்டைக்காலணா:

தராசு, அப்படியென்றால் சட்டப்படி செல்லும் என்பது பொய்யா? நான் நியுவேக்கு ஒரு வெள்ளி டார்த் வேடரை எடுத்துப் போனால் வாங்கிக்கொள்வார்களா மாட்டார்களா?

தராசு:

நீங்கள் கொண்டுபோக மாட்டீர்கள், அதுதான் சூட்சுமம். ஒரு அவுன்ஸ் வெள்ளியில் முகமதிப்பு இரண்டு நியூசிலாந்து டாலர். உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பு அதைப்போலப் பல மடங்கு. எந்த முட்டாள் அதை இரண்டு டாலருக்குக் கொடுப்பான்? முகமதிப்பை வேண்டுமென்றே தரையில் வைத்திருக்கிறார்கள், காசு ஒருநாளும் திரும்பி வராமல் இருக்க. செலவழிக்கப்படாமல் இருப்பதற்கென்றே பிறந்த பணம் அது.

பெரிய நாடுகளும் இதில் மாட்டியிருக்கின்றன. பிரிட்டனின் ராயல் மின்ட் 20, 50, 100 பவுண்டு வெள்ளிக் காசுகளை முகமதிப்புக்கே விற்றது. உள்ளே வெள்ளியின் மதிப்பு அதைவிடக் குறைவு. கடன் அட்டையில் வாங்கிச் சலுகைப் புள்ளி சேர்த்துக்கொண்டு, காசைக் கொண்டுபோய் வங்கியில் கட்டிவிடலாம் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். 2016-ல், இவை சேகரிப்புக்கு மட்டும், வங்கிகள் ஏற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்த நாட்டு ராணி தலை, சொந்த நாட்டு அக்கசாலை, அப்படியும் கவுன்ட்டரில் செல்லவில்லை.

காசுமாலை:

நானும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். ஒரு விற்பனையாளரிடம் (பெயர் வேண்டாம்) இதுபோன்ற தீவுக் காசு ஒன்றை, இத்தனைதான் அடித்தோம், இனி வராது என்ற சான்றிதழோடு வாங்கினேன். மூன்று மாதத்தில் அதே படம் பொன்முலாம் பூசி வந்தது. பிறகு வண்ணத்தில், பிறகு ஐந்து அவுன்ஸில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'இத்தனைதான்'. சண்டை போட்டேன். "மேடம், உங்கள் காசு இனி வராது என்றுதான் எழுதியிருக்கிறோம், படம் வராது என்று எழுதவில்லையே" என்றார்கள். சான்றிதழை மறுபடி படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆனால் என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்ததும் இந்த ஜாதிதான். மங்கோலியாவின் 2007-ஆம் ஆண்டு 500 துக்ரிக், அதிலும் கென்னடி. சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் கரகரத்த குரலில் அவரே பேசுவார், 1963-ல் பெர்லினில் நானும் பெர்லின்காரன் என்று ஜெர்மன் மொழியில் சொன்ன அந்த வரி. வீட்டுக்கு வரும் குழந்தைகள் எல்லாரும் அழுத்தி அழுத்தி இப்போது குரல் இழுக்கிறது. மின்கலம் தீர்கிறது போலும். காசைப் பழுதுபார்க்க எங்கே போவது என்று யாருக்காவது தெரியுமா?

கம்பட்டம்:

அக்கா, அந்தக் காசைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவும் மங்கோலியாவும் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1987-ல்தான். கென்னடி உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு நாட்டுக்கும் அதிகாரபூர்வமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. இப்போது மங்கோலியக் காசுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

பூதக்கண்ணாடி:

எல்லோரும் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் 'சம்பந்தமில்லாத' என்று யார் முடிவு செய்வது? எனக்கு இந்தச் சொல்லில்தான் தகராறு.

1969-ல் மேற்கு சமோவா ஒரு டாலா (அந்நாட்டுப் பணம்) காசில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனைப் போட்டது. ஸ்காட்லாந்து எழுத்தாளருக்கும் பசிபிக் தீவுக்கும் என்ன என்று கேட்கத் தோன்றும். அவர் கடைசி வருஷங்களை வாழ்ந்ததும் 1894-ல் இறந்ததும் அங்கேதான். கல்லறையும் அங்கேயே. பிட்கேர்ன் தீவில் ஐம்பது பேர்கூட இல்லை, ஆனால் மாலுமிகள் தலைவனை எதிர்த்துக் கிளம்பிய பவுன்டி கப்பல் கலகத்தின் 200-வது ஆண்டை அவர்கள் காசில் போடாமல் வேறு யார் போடுவது? அந்தக் கலகக்காரர்களின் வாரிசுகள் அல்லவா அவர்கள்.

பசிபிக் தீவு நாடான பலாவு வெளியிட்ட லூர்து மாதா வெள்ளிக் காசில் ஒரு சின்னக் குப்பியில் புனித நீரே உண்டு. எல்லாரும் கேலி செய்யும் காசு அது. ஆனால் பலாவில் மற்ற எந்தச் சபையையும்விடக் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். அவர்களுக்கு லூர்து அந்நியமா? மங்கோலியாவைச் சொன்னீர்கள். அதே 2007-ல் அதே நாட்டின் பெயரில் வந்த வோல்வரின் (சினிமா நாயகன் அல்ல, காட்டு விலங்கு) காசு உலக அளவில் ஆண்டின் சிறந்த நாணயம் என்று விருது வாங்கியது. அந்த விலங்கு மங்கோலியக் காட்டில் உண்மையிலேயே திரிகிறது.

கம்பட்டம்:

கண்ணாடி சொல்வதில் நியாயம் இருக்கிறது, பலாவு விஷயத்தில் நான் பின்வாங்குகிறேன். ஆனால் சம்பந்தம் என்பது எப்படித் தேயும் என்று பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவின் பூனைகளைப் பாருங்கள். 1988-ல் முதல் பூனைக் காசு, மாங்க்ஸ் பூனை, வாலில்லாதது. அந்தத் தீவின் சொந்தப் பூனை. அருமை. 1989-ல் பாரசீகப் பூனை. 1990-ல் நியூயார்க் சந்துப் பூனை. 1992-ல் சயாமீஸ். வருஷத்துக்கு ஒரு பூனை என்று போய்க்கொண்டே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்கவில்லை. பூனை விற்றது, தீவில் பூனை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவற்றை அடித்தது இங்கிலாந்தின் போப்ஜாய் மின்ட், தனியார் நிறுவனம். நிரந்தரக் குடிகளே இல்லாத தெற்கு ஜார்ஜியா தீவுக்கும் அவர்கள் காசு அடித்திருக்கிறார்கள். 2009-லிருந்து பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் பெயரிலும் காசு வந்திருக்கிறது. அங்கே இருந்த சாகோஸ் மக்களைத்தான் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வெளியேற்றிவிட்டார்களே. அந்தக் காசில் ஆமை நீந்துவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போப்ஜாய் 2023-ல் மூடிவிட்டார்கள்.

செல்லாக்காசு:

அப்போது பெனின் கஞ்சா? அதில் நாடு கொடுத்த அனுமதி எவ்வளவு தூரம் செல்லும்? அங்கே புழங்குவது மேற்கு ஆப்பிரிக்க சிஎஃப்ஏ பிராங்க். எட்டு நாட்டுக்குப் பொதுப் பணம், வெளியிடும் உரிமை டக்காரில் உள்ள பொது மத்திய வங்கிக்கு மட்டுமே. வாடகைக்கு விட்டவருக்கே வீடு சொந்தமில்லாத மாதிரி அல்லவா இருக்கிறது?

தராசு:

பிரமாதம். அதனால்தான் நான் வாங்கும்போது கேட்பது ஒன்றுதான்: இதைச் செலவழிக்க முடியுமா என்பதல்ல, உருக்கினால் என்ன கிடைக்கும். சோமாலியா யானை வெள்ளிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-லிருந்து அடிப்பது ஜெர்மனியின் பவேரிய அரசு நாணயச்சாலை, அதற்கு முன் அதே யானைத் தொடர் ஜாம்பியாவின் பெயரில் வந்தது. நாடு மாறியது, யானை மாறவில்லை. ஆனால் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி, எந்த வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். உங்கள் கிட்டாரோ சாதாரண உலோகம். சோமாலியா என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

காசுமாலை:

தராசுக்கு எல்லாமே உருக்கும் பானை. கென்னடியை உருக்கினால் எனக்கு யார் பேசுவார்கள்?

ஓட்டைக்காலணா:

எல்லோருக்கும் நன்றி. இரவெல்லாம் உட்கார்ந்து என் நாணயக் கோப்பைப் பிரித்தேன். இதுவரை நாட்டு அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். கம்பட்டம் ஐயா சொன்னதைப் படித்ததும், இனி அடித்தவர் பெயரில் அடுக்கலாம் என்று தோன்றியது. மான் தீவு, ஜிப்ரால்டர், தெற்கு ஜார்ஜியா எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, தனித்தனி நாடுகள் என்று நினைத்தவை ஒரே கையெழுத்தாகத் தெரிந்தன. எழுத்துருகூட ஒன்று! போலந்து நாணயச்சாலையின் பக்கத்தில் நியுவே அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) பாதை காசு போயிருக்கிறது. 2008, கலினின்கிராட், நிஜமான அம்பர் துண்டு பதித்தது. பால்டிக் கரையிலிருந்து ரோம் போன வணிகப் பாதை, வழியில் நியுவே எங்கேயும் வராது.

கிட்டாருக்குத்தான் பக்கம் கிடைக்கவில்லை. அடித்தவர் முத்திரை எதுவும் அதில் தெரியவில்லை, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியிலும் பார்த்துவிட்டேன். வட்டக் காசுக்கான உறையில் கழுத்து நுழையவும் மாட்டேன் என்கிறது. இப்போதைக்கு மேசை மேல்தான் கிடக்கிறது. மற்ற ஐந்து கிட்டாரில் எதுவாவது யாரிடமாவது இருந்தால், பின்பக்கத்தைக் கொஞ்சம் படம் எடுத்துப் போடுங்களேன்.

செல்லாக்காசு:

என்னிடம் இரண்டு இருக்கின்றன அண்ணே. ஒன்றில் கழுத்து வளைந்திருக்கிறது, பையன் நிஜமாகவே வாசித்துப் பார்த்தான். நாளை படம் போடுகிறேன்.